பீகாக் பாஸ் மீனை இனங்காணும் வகை

நெசவுத் தொழிலில் தேர்ந்தவர், ஒரு சேலையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அஃது எவ்வூர்த் தறியில் நெய்யப்பட்டதெனக் கூறிவிடுவார். அவர் சாயத்தை மட்டும் நம்புவதில்லை. கரையையும் முந்தானையையும் நோக்குவார். சாயம் வெளுக்கும், கரையின் அமைப்பு மாறாது. மீன்களை இனங்காண்பதற்கும் இதுவே நெறியாகும். பண்ணைக் குட்டைகளில் மீன் வளர்க்கும் நம் உறுப்பினர்கள், வெப்ப நாட்டு நீர்நிலைகளில் புகுந்து பரவியுள்ள ஓர் அயல்நாட்டு மீனைப்பற்றி அறிந்திருத்தல் நலம்.

பீகாக் பாஸ் என வழங்கும் அம்மீன், தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ முதலிய ஆறுகளுக்கு உரியது. கடலில் நம் மீனவர் மயில்மீன் என்று கூறுவது வேறு. பெயரில் ‘பாஸ்’ என்றிருப்பினும், இது நாம் அறிந்த ஜிலேபிக் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஜிலேபி பெரும்பாலும் பாசியையும் தழையையும் மேயும். இதுவோ பிற மீன்களை வேட்டையாடி விழுங்கும்.

இதனால் விளைந்த கேட்டிற்குப் பனாமா நாட்டின் கட்டூன் ஏரி சான்றாகும். பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றை அணையிட்டு மறித்ததால் உண்டான ஏரி அது. குட்டை ஒன்றில் வளர்க்கப்பட்ட இம்மீன்கள் தப்பி, ஏறத்தாழ 1967-இல் ஏரியை அடைந்தன. முன்பு மலிந்திருந்த எட்டு மீனினங்களில் ஆறு அவ்விடத்தே அற்றுப்போயின. ஏழாவது மிகவும் அருகிற்று என ஜாரெட், பெயின் என்னும் அறிஞர் இருவர் 1973-இல் எழுதினர். சிறுமீன்கள் குறையவே, அவற்றை உண்டு வாழ்ந்த நாரையும் மீன்கொத்தியும் குறைந்தன. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அவ்வேரியின் மீன்வளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது 2017-இல் வெளியான ஆய்வின் முடிவாகும்.

ஃபுளோரிடாவிலோ அரசே 1984-இல் இம்மீனை வாய்க்கால்களில் விட்டது. அங்குப் பெருகியிருந்த அயல்நாட்டு ஜிலேபி வகையைக் குறைப்பதும், தூண்டில் விளையாட்டை வளர்ப்பதும் நோக்கம். நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரிக்குத் தாழ்ந்தால் இது மடிந்துவிடும். ஆதலின் குளிரே அங்கு வேலியாக நின்று, அது வடக்கே பரவாமல் காக்கின்றது. சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களிலும் மலேசியாவின் பழைய வெள்ளீயச் சுரங்கக் குளங்களிலும் இது குடியேறியுள்ளது. அங்கெல்லாம் அவ்வேலி இல்லை.

இனி, அடையாளங்களைக் காண்போம். வாலடியில் பொன்னிற வளையம் சூழ்ந்த கரும்புள்ளி, மயிற்பீலிக் கண்ணைப்போல் விளங்கும். இது முதல் அடையாளம். ஆனால் இதனை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. நம் பூவிராலின் வாலடியிலும் இத்தகைய கண் உண்டு. பூவிரால் உருண்டு நீண்டது. அதன் முதுகுத்துடுப்பு இடையறாது ஓடும். பீகாக் பாஸின் முதுகுத்துடுப்பில், முள்ளுள்ள முன்பகுதிக்கும் மென்மையான பின்பகுதிக்கும் இடையே ஆழ்ந்த பள்ளம் காணப்படும். வாய் அகன்றது, கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும்.

இவற்றுள்ளும் வகைகள் பல. 2006-இல் குல்லாண்டர், ஃபெரெய்ரா ஆகியோர் பதினைந்து இனங்களை வகுத்தனர். ஃபுளோரிடாவில் நிலைபெற்ற ஒசெல்லாரிஸ் வகைக்கு உடலில் மூன்று கரும்பட்டைகள் உண்டு. முதுமையில் அவை மங்கும். செவுள் மூடியில் கருங்கறை இராது. டெமென்சிஸ் வகைக்குக் கண்ணின் பின்னே செவுள் மூடியில் கருங்கறை உண்டு. இனப்பெருக்கக் காலம் அல்லாதபோது உடலெங்கும் வெண்புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். இதுவே யாவற்றினும் பெரியது. 13 கிலோ வரை வளர்ந்துள்ளது. ஒரினோசென்சிஸ் வகையில் பட்டைகளுக்கு மாறாக மூன்று பெரிய கண்புள்ளிகள் விலாவில் அமையும். கெல்பெரி வகையின் அடித்துடுப்புகளில் சிறு வெண்புள்ளிகள் இருக்கும். பிக்கிட்டி வகைக்கு ஐந்து பட்டைகள்.

நிறத்தை நம்புதல் கூடாது. வயதாலும் பருவத்தாலும் நிறம் மாறும்; ஆண்மீனின் தலையில் இனப்பெருக்கக் காலத்தில் திமில் எழும்பும்; வகைகள் தம்முள் கலப்பதும் உண்டு. கட்டூன் மீனையே முதலில் ஒசெல்லாரிஸ் என்றனர். பின்னர் மோனோகுலஸ் என்றனர். அறிஞரும் தடுமாறும் இடம் இது.

நாம் செய்யத்தக்கது யாது? கட்டூன் ஏரியின் கேடு ஒரு குட்டையில் தொடங்கியது என்பதை மறத்தல் கூடாது. 2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தில், வளர்ப்புக் குட்டைகளிலிருந்து தப்பிய அராபைமா என்னும் தென் அமெரிக்க மீன் ஆற்றில் பிடிபட்டது. ஆகவே மழைக்காலத்திற்கு முன்னரே குட்டைகளின் கரையை உயர்த்தி, வடிகாலில் வலை கட்டுக. மீன்குஞ்சுகளை நம்பகமான பண்ணையில் மட்டும் வாங்குக. கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்த மீனை ஏரியில் விடற்க. ஐயத்திற்குரிய மீன் வலையில் அகப்பட்டால் அதனை மீண்டும் நீரில் விடாது, படமெடுத்து மீன்வளத்துறை அலுவலரிடம் காட்டுக.

ஏரி ஊருக்குப் பொது. ஒருவர் குட்டையின் உடைப்பு ஊரார் அனைவரின் வலையையும் வெறுமையாக்கும். கூட்டுறவின் பொருளை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.