வடிகட்டியும் வாணிகமும்

நீரைத் தெளிவிக்க வடிகட்டி வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். இணையத்திற்கும் வடிகட்டி உண்டு. இணையம் நாட்டினுள் வரும் வாயிலில் நிறுத்தப்படும் அக்கருவி, மக்கள் கேட்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் ஆராய்ந்து, விலக்கப்பட்டவற்றைத் தடுக்கின்றது. எவ்விடத்திலிருந்து எப்பக்கம் கேட்கப்பட்டது என்பதையும் பதிந்து வைக்கின்றது. பாடசாலையிற் சிறுவரைக் காக்கும் அதே கருவி கொடுங்கோலர் கையில் யாதாகும் என்பதற்குச் சிரியாவின் அண்மைக்கால வரலாறு சான்றாகும்.

2011 ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் அசாத் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் டெலிகொமிக்ஸ் என்னும் ஆர்வலர் குழுவினர், அங்கு இயங்கிய வடிகட்டிகளின் பதிவுகளை வெளியிட்டனர். அக்கருவிகள் அமெரிக்காவின் புளூ கோட் நிறுவனத்தார் செய்தவை. பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தோர், 'இஸ்ரேல்' என்னுஞ் சொல்லோடு, தடையைக் கடக்க உதவும் வழியைக் குறிக்கும் 'புரொக்சி' என்னுஞ் சொல்லும் விலக்கப்பட்டிருக்கக் கண்டனர். முகவரியில் அச்சொல் தற்செயலாக அமைந்த குற்றமற்ற பக்கங்களும் அவ்வலையில் அகப்பட்டன.

உணவும் மருந்தும் ஒழிந்த பெரும்பாலான பொருள்களை உரிமமின்றிச் சிரியாவுக்கு அனுப்புதலை அமெரிக்கா 2004 இலேயே தடை செய்திருந்தது. அங்ஙனமாயின் இவை சென்றது எவ்வாறு? டுபாயிலிருந்த விநியோகஸ்தர், ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் உரியன என்று கூறி இவற்றைப் பெற்றனர். 2013 ஏப்ரலில் அவர்கள் 28 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டனர்.

"யாம் அறிந்து விற்றிலேம்" என்று உற்பத்தியாளர் கூறுதல் போதுமா? ஈட்டியை விற்ற கொல்லன் அதன்பின் அதனைக் காணான். இணைய வடிகட்டியின் இயல்பு வேறு. நாளும் புதிய பக்கங்கள் தோன்றுதலால், அதன் வகைப்பட்டியலை விற்றவரே இடையறாது புதுப்பித்தல் வேண்டும். மேலும், புளூ கோட் கருவிகள் தம் நிலையைத் தாமே நிறுவனத்துக்கு அறிவிக்கும் அமைப்புடையன. அவ்வறிவிப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தாம் கவனிப்பதில்லை என்றனர் நிறுவனத்தார். அறிய இயலாமை மன்னிக்கத்தக்கது. அறியக்கூடியதை அறியாதிருத்தல் அத்தகையதன்று.

அசாத் ஆட்சி 2024 டிசம்பரில் வீழ்ந்தது. ஆயினும் இத்தகைய கருவிகளை நாடும் அரசுகள் இன்னும் பலவுள; விற்பாரும் உளர். வாணிகர்க்குரிய நெறியை வள்ளுவர் பொருட்பாலில் வைக்காது, அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது. நாளை இக்கருவிகளை ஆக்கவும் விற்கவும் போகின்றவர் இன்று நம் வகுப்புகளில் இருக்கும் மாணவரே. கருவி எவ்வாறு இயங்கும் என்பதோடு, அது யார் கையிற் சேரும் என்று வினாவவும் அவர் கற்றல் வேண்டும்.