மனிதப் பற்கூழிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தலும் அடையாளங்காணலும்

முன்னுரை

மருத்துவத்தின்பொருட்டுப் பிடுங்கப்படும் ஞானப்பல்லும் தானே விழும் பாற்பல்லும் பெரும்பாலும் கழிவாகவே கருதப்படுகின்றன. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் பற்கூழில் உள்ளன என்பதை 2000ஆம் ஆண்டில் கிராந்தோஸ் குழுவினர் ஞானப்பற்களைக் கொண்டு நிறுவினர். 2003இல் மியூரா குழுவினர் விழுந்த பாற்பற்களிலும் அவற்றைக் கண்டறிந்தனர். இச்செல்களைப் பிரித்தெடுப்பதைவிட, அவை குருத்தணுக்களே என மெய்ப்பிப்பதே கடினம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிரித்தெடுக்கும் முறைகள்

பல்லைப் பிளந்து எடுத்த கூழ், தொற்றில்லாச் சூழலில் நுண்துண்டுகளாக நறுக்கப்படும். அதன்பின் இரு வழிகள் உள்ளன. நொதிமுறையில், கொலாஜினேஸ், டிஸ்பேஸ் ஆகிய நொதிகள் 37 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1 மணி நேரத்தில் திசுவைச் செரித்துச் செல்களை விடுவிக்கின்றன. 70 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டி செரியாத துண்டுகளை நீக்குகிறது. திசுத்துண்டு முறையில், துண்டுகளை வளர்ப்புத் தட்டில் ஒட்டவைத்து, செல்கள் தாமே வெளிப்பரவும்வரை காத்திருக்க வேண்டும். முன்னது விரைவானது, பின்னது செல்களை நொதியின் தாக்கத்துக்கு உட்படுத்தாதது.

அடையாளங்காணல்

2006இல் செல் சிகிச்சைக்கான பன்னாட்டுக் கழகம் மீசென்கைம் வகைச் செல்களுக்கு மூன்று அளவுகோல்களை வகுத்தது. முதலாவது, நெகிழித் தட்டில் ஒட்டி வளர்தல். இரண்டாவது, குறைந்தது 95 விழுக்காட்டுச் செல்களில் சிடி 73, சிடி 90, சிடி 105 ஆகிய குறிப்பான்கள் இருத்தல். சிடி 34, சிடி 45 போன்றவை 2 விழுக்காட்டுக்கு மிகாதிருத்தல். மூன்றாவது, ஆய்வகத்தில் எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்புச் செல்களாக மாறுதல். இம்மாற்றங்கள் முறையே அலிசரின் சிவப்பு, ஆயில் ரெட் ஓ, ஆல்சியன் நீலம் ஆகிய சாயங்களால் அறியப்படுகின்றன.

எனினும், ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் தட்டில் ஒட்டுகின்றன. அதே குறிப்பான்களைக் காட்டவும் செய்கின்றன. ஆதலின் முதலிரு அளவுகோல்கள் மட்டும் போதா. ஒரு தனிச்செல்லிலிருந்து செல்தொகுதி உருவாதலும் காட்டப்பட வேண்டும். மேலும், இவ்வளவுகோல்கள் பற்கூழ்ச் செல்லை எலும்பு மச்சைச் செல்லிலிருந்து வேறுபடுத்துவதில்லை. கிராந்தோஸ் குழுவினர் இரண்டையும் கால்சியம் பாஸ்பேட் துகள்களுடன் நோயெதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளின் உடலில் வைத்தனர். மச்சைச் செல்கள் எலும்பை உருவாக்கின. பற்கூழ்ச் செல்களோ டென்டினையும் கூழையும் ஒத்த அமைப்பை உருவாக்கின. இவ்வேறுபாடே வலுவான சான்றாகும்.

முடிவுரை

பற்கூழ்ச் செல்களைக் கட்டணம் பெற்றுச் சேமிக்கும் வங்கிகள் இயங்கும் இக்காலத்தில், ஒட்டி வளர்ந்த செல்களையெல்லாம் குருத்தணுக்கள் எனக் கொள்வது பிழையாகும். எனவே ஆய்வேடுகள் பிரித்தெடுத்த முறை, வளர்ப்புச் சுற்றுகளின் எண்ணிக்கை, குறிப்பான்களின் விழுக்காடு, செயல்நிலைச் சோதனைகளின் முடிவு ஆகியவற்றை ஒருங்கே பதிவுசெய்தல் இன்றியமையாதது.