‘கிளியர் 2’ எதை நீக்கும்?

பைத்தான் நிரலில் பிழை தேட, பிடிபி கருவியில் மாணவர்கள் பிரேக்பாயிண்ட் வைப்பார்கள். நிரல் அந்த வரிக்கு வந்ததும் நிற்கும். அதை நீக்குவது ‘கிளியர்’ கட்டளை.

இங்கேதான் குழப்பம் வரும். ‘பிரேக் 12’ என்று தட்டினால் 12 என்பது வரி எண். ‘கிளியர் 2’ என்றால் 2 என்பது பிரேக்பாயிண்டின் எண். இது தெரியாம வேறொன்றை நீக்கிவிட்டால், நிரல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிவிடும். மாணவரும் பிழை வேறெங்கோ இருக்குன்னு தேடிக்கிட்டிருப்பார்.

எனவே:

1. முதலில் ‘பிரேக்’ என்று மட்டும் தட்டச் சொல்லுங்கள். பட்டியல் வரும், இடது ஓரத்தில் உள்ளதே அதன் எண்.

2. ‘கிளியர் 2’ அந்த ஒன்றை மட்டும் நீக்கும். மற்றவற்றின் எண்கள் மாறாது.

3. வரியைக் குறிப்பிட்டு நீக்க, ‘கிளியர்’ என்பதற்குப் பின் கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, வரி எண் ஆகியவற்றை இடைவெளியின்றித் தரவேண்டும்.

4. வெறும் ‘கிளியர்’ எல்லாவற்றையும் நீக்கிவிடும். நீக்கும் முன் உறுதி கேட்கும். அவசரப்பட்டு ‘ஆம்’ சொல்லிடாதீங்க.

பிறகு தேவைப்படலாம் என்றால் நீக்கவே வேண்டாம். ‘டிசேபிள் 2’ போதும். ‘இனேபிள் 2’ என்றதும் திரும்ப வேலை செய்யும்.

பட்டியலைப் பார்த்த பிறகே நீக்குவது என்ற பழக்கத்தை முதல் பாடத்திலேயே கொண்டு வாங்க.