இரண்டு எஸ். சந்திரசேகர்கள்

வெள்ளைக் குள்ளன் எனப்படும் விண்மீனின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்று சுப்பிரமணியன் சந்திரசேகர் காட்டிய கட்டுரை, 1931இல் 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' இதழில் வந்தது. இரண்டே பக்கம். இன்று வானியல் படிப்பவர்கள் இதுபோன்ற கட்டுரைகளைத் தேட முதலில் போகும் இடம் ஏ.டி.எஸ். நாசாவின் நிதியில், ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் நடத்தும் ஆய்வுக்கட்டுரைக் களஞ்சியம் அது. கட்டணம் கிடையாது.

தேடுபெட்டியில் வெறும் பெயரை அடித்தால் குப்பையாக வந்து கொட்டும். எந்த இடத்தில் தேட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'ஆத்தர்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இரட்டை மேற்கோளுக்குள் 'சந்திரசேகர், எஸ்' என்று கொடுங்கள். அப்போதும் இரண்டு பேர் கலந்து வருவார்கள். ஒருவர் மேலே சொன்ன, நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். மற்றவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று 1977இல் கண்டறிந்தவர். இருவருமே சர் சி.வி. ராமனின் உடன்பிறந்தார் பிள்ளைகள். அப்பா பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தில் இப்படிப்பட்ட குழப்பம் சகஜம். 'இயர்' போட்டு 1930-1939 என்று வரம்பு கட்டினால் குழப்பம் தீர்ந்தது: இரண்டாமவர் பிறந்ததே 1930இல்தான். பெயருக்கு முன்னால், விசைப்பலகையில் 6க்கு மேலே உள்ள கூரைக்குறியையும் சேர்த்தால், சந்திரசேகர் முதல் ஆசிரியராக உள்ள கட்டுரைகள் மட்டும் நிற்கும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் 19 எழுத்திடங்கள் கொண்ட அடையாளக் குறி ஒன்று உண்டு. மேலே சொன்ன கட்டுரைக்கு அது 1931இல் தொடங்கும். அடுத்து இதழின் சுருக்கப் பெயர், நான்கு புள்ளிகள், தொகுதி எண் 74, மூன்று புள்ளிகள், பக்க எண் 81, கடைசியில் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்தான 'சி'. காலியிடங்களைப் புள்ளிகள் நிரப்புகின்றன. பழகிய கண், கட்டுரையைத் திறக்காமலே அதன் ஊர் பேரைப் படித்துவிடும்.

ஆனால் இந்தக் களஞ்சியத்தின் உண்மையான பலம் அடைப்புக்குறிகளில் இருக்கிறது. 'ரெஃபரன்சஸ்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் அந்தக் குறியை இட்டால், கட்டுரை யாரை மேற்கோள் காட்டியது என்று தெரியும். இது பின்னோக்கிய பயணம். 'சைட்டேஷன்ஸ்' என்று மாற்றினால், பிற்பாடு அதை மேற்கோள் காட்டியவர்கள் அத்தனை பேரும் வரிசை கட்டுவார்கள். அடைப்புக்குறிக்குள் ஒரே கட்டுரையைத்தான் போட வேண்டும் என்பதில்லை. முழுத் தேடலையே போடலாம். சந்திரசேகரின் 1930களின் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவற்றுள், தலைப்பில் நியூட்ரான் விண்மீன் வருபவை எவை என்று ஒரே வரியில் கேட்கலாம். ஒரு கருத்து கைமாறி வந்த தடத்தை இவ்வளவு சுலபமாகப் பின்தொடர வேறு வழியை நான் அறியேன்.

தலைப்பில் சொல்லாத விஷயங்களுக்கு 'ஃபுல்' என்ற கட்டளை இருக்கிறது. கட்டுரையின் உள்ளேயும் தேடும். கொடைக்கானல் என்று கொடுத்துப் பாருங்கள். 1909இல் வானியலாளர் எவர்ஷெட் அங்குள்ள சூரிய ஆய்வகத்தில், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அந்த ஆய்வகத்தின் பழைய சூரியப் படங்களை எடுத்தாண்டவர்களில் பலர் அதன் பெயரைத் தலைப்பில் போட்டிருக்க மாட்டார்கள். நன்றியுரையை மட்டும் துழாவவும் தனிக் கட்டளை உண்டு: 'ஏ', 'சி', 'கே' என்ற மூன்றே எழுத்து.