வான்கோழியிலும் நாட்டு ரகம் இருக்கு!

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புறீங்களா? முதல் செமஸ்டர் முடியறதுக்குள்ளேயே 'தேங்க்ஸ்கிவிங்' வந்துடும். நவம்பர் மாசம், நாலாவது வியாழக்கிழமை. கேம்பஸே வெறிச்சோடிக் கிடக்கும். யாராவது விருந்துக்குக் கூப்பிடுவாங்க. இல்லைன்னா ரூம்மேட்ஸ் சேர்ந்து நீங்களே சமைக்கணும். மேஜை நடுவுல ஜம்முனு ஒரு முழு வான்கோழி. ஆசையா ஒரு துண்டை வாயில போட்டா... சப்புன்னு, பஞ்சை மெல்லுற மாதிரி இருக்கும்!

சமைச்சவங்களைத் திட்டாதீங்க பாஸ். கோளாறு பறவையில. சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் 'பிராட் பிரெஸ்டட் ஒயிட்' என்கிற ஒரே ரகம்தான். நெஞ்சுக்கறி நிறைய வேணும்னு அதைப் பெருக்க வெச்சுப் பெருக்க வெச்சு, இப்போ அதனால இயற்கையா இணை சேரவே முடியாது. எல்லாமே செயற்கைக் கருவூட்டல்! நாலு மாசத்துல வளர்ந்து கறிக்குப் போயிடும். நம்ம ஊர் பிராய்லர் கதையேதான்.

நம்ம நாட்டுக்கோழி மாதிரி அங்கேயும் 'ஹெரிடேஜ்' ரகங்கள் உண்டு. தானா இணை சேரணும், வெளியில் மேய்ஞ்சு பல வருஷம் வாழற தெம்பு இருக்கணும், மெதுவா வளரணும். சந்தைக்கு வரவே சுமார் 28 வாரம் ஆகும். ருசியின் ரகசியமே அதுதான். வயசு கூடி, ஓடியாடித் திரிஞ்ச தசையில்தான் கறிக்கு மணம் ஏறும். தோலுக்கடியில் கொழுப்பும் சேரும்.

இதுங்க கிட்டத்தட்ட அழிஞ்சே போயிருக்கும். 1997-ல் ஒரு பாதுகாப்பு அமைப்பு கணக்கெடுத்தப்போ, அமெரிக்கா முழுக்க இனப்பெருக்கத்துக்கு இருந்த ஹெரிடேஜ் வான்கோழிகள் வெறும் 1,335! அப்புறம் 'ஸ்லோ ஃபுட்' இயக்கத்துக்காரங்க, "சாப்பிட ஆள் இருந்தாத்தான் வளர்க்க ஆள் இருப்பாங்க"ன்னு கிளம்பினாங்க. வேடிக்கையான லாஜிக்தான், ஆனா வேலை செஞ்சுது. எண்ணிக்கை பல மடங்கு ஏறிச்சு.

சரி, எதை வாங்கலாம்? என் ஓட்டு 'பர்பன் ரெட்'டுக்கு. கென்டக்கி மாநிலத்து பர்பன் கவுன்ட்டி பெயரைச் சுமக்கும் செந்நிறப் பறவை. நெஞ்சும் தொடையும் ஓரளவு சமமா இருக்கும். ரோட் ஐலண்ட் பக்கத்து 'நாரகான்செட்' இன்னும் பழசு, 1874-லேயே தனி ரகமா அங்கீகாரம் வாங்கினது. 'பிரான்ஸ்' பார்க்க அழகு, ஆனா உரிச்ச தோல்ல கறுப்பு முடிக்கால் புள்ளி புள்ளியா நிக்கும். நாலஞ்சு பேர்தான்னா 'மிட்ஜெட் ஒயிட்' போதும். பேருக்கேத்த மாதிரி குட்டி!

ஒரு உஷார். 'பிராட் பிரெஸ்டட் பிரான்ஸ்'னு ஒண்ணை ஹெரிடேஜ்னு தலையில கட்டப் பார்ப்பாங்க. நிறம் மட்டும்தான் பழசு, உடம்பு பண்ணை ரகம். "என்ன ரகம், எத்தனை வாரம்?"னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா நகர்ந்துடுங்க. சொல்லப்போனா இறகு நிறத்தை விட, வயசும் மேய்ச்சலும்தான் ருசியைத் தீர்மானிக்கும்.

விலை? பர்ஸ் பழுத்துடும். சாதா வான்கோழியைவிடப் பல மடங்கு. அதனால ஷேர் போட்டு, சின்னதா ஒரு பெட்டையா செப்டம்பர்லயே சொல்லி வையுங்க. ஆளுக்கு எலும்போட அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கணக்குப் போட்டாப் போதும்.

அவன்ல வெச்சுட்டு அரட்டையில உட்கார்ந்துடாதீங்க. நெஞ்சுக்கறி கம்மிங்கிறதால இது சீக்கிரமே வெந்துடும். தொடையிலும் நெஞ்சிலும் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்க. 74 டிகிரி செல்சியஸ் தொட்டதும் வெளியே எடுத்து, அரை மணி நேரம் ஆற விடுங்க. எலும்பை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. மிளகு தட்டிப் போட்டு ரசம் வெச்சா, மறுநாள் குளிருக்கு அதுக்குத்தான் ரூம்ல சண்டை நடக்கும்!