மொழி எண்ணத்துக்கு வேலியா?

மொழி நம் எண்ணத்துக்கு வாயிலா, வேலியா? இதைச் சோதிக்கவென்றே மொழி படைத்தவர் உண்டு. அமெரிக்கரான ஜேம்ஸ் குக் பிரவுன் 1955-இல் 'லாக்லான்' என்னும் மொழியை ஆக்கத் தொடங்கினார். தருக்க நெறியில் அமைந்த மொழியைப் பேசுவோர் அந்நெறியிலேயே எண்ணுவரோ என்று காண விரும்பினார்.

நம் நாட்டிலும் ஆக்கிய மொழி ஒன்று உண்டு. 2015-இல் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்துக்காகக் கவிஞர் மதன் கார்க்கி 'கிளிக்கி' மொழியைப் படைத்தார். அதில் 'மின்' என்றால் நான். அதைத் திருப்பி 'நிம்' என்றால் நீ. இருவர் எதிரெதிரே நிற்பதை ஒலியே காட்டிவிடுகிறது.

தமிழ் காட்டுவது வேறொன்று. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. சுரபி நதிக்கரையிலுள்ள குச்சனூரில் இலக்கணம் கற்பித்த நாள்களில், இதற்குப் பாசன நீரையே நான் சான்றாகக் கூறுவேன். 'நாங்கள் நீர் பாய்ச்சுவோம்' என்றால் அயலான் வரப்புக்கு அப்பால் நிற்கிறான். 'நாம்' என்றால் அவன் வயலுக்கும் மடை திறக்கிறது.

ஆயின், கன்னடத்தில் இவ்விரண்டுக்கும் 'நாவு' என்னும் ஒரே சொல்தான். கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்ட உழவர்களும் வாழ்கின்றனர். சொல் ஒன்றென்பதால் அவர்கள் தம்மவரையும் அயலாரையும் பிரித்தறியாமலா போய்விட்டனர்? இல்லையே! இடம்நோக்கிப் பொருள் கொள்கின்றனர்.

ஆகவே, மொழி எண்ணத்தை அடைத்து வைப்பதில்லை. பேசும்போது எதைக் கவனித்தே ஆகவேண்டுமோ, அதை நமக்குப் பழக்கிவிடுகிறது, அவ்வளவே. 'நாம்' என்னும் சொல்லைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது. அதற்குள் யார் யாரைச் சேர்ப்பது என்பதை இலக்கணம் கூறாது. நாமே முடிவு செய்தல் வேண்டும்.