விளையாட்டில் புகுந்த திருடன்!

வீட்டுக்குள் திருடன் புகுந்தான். பூட்டை உடைக்கவில்லை. பீரோவைத் தொடவில்லை. ஆனாலும் திருடினான்!

எதை? மின்சாரத்தை!

இது கதை அல்ல. 2013-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் நடந்தது.

வேலியே பயிரை மேய்ந்தது

"கவுண்டர் ஸ்டிரைக்" என்பது கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அவரவர் வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட் மூலம் பலர் சேர்ந்து ஆடலாம். இதில் போட்டி நடத்திய கம்பெனிகளில் ஒன்று, "இ.எஸ்.இ.ஏ."

கள்ள ஆட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க அந்தக் கம்பெனி ஒரு சாப்ட்வேர் கொடுத்தது. காவல்காரன் என்று நம்பி, ஆட்டக்காரர்கள் அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கொண்டார்கள்.

அந்தக் காவல்காரனுக்குள்தான் திருடன் ஒளிந்து இருந்தான்!

கணக்குப் போட்டால் காசு

"பிட்காயின்" என்று ஒரு பணம் உண்டு. அதைக் கையில் பிடிக்க முடியாது. கம்ப்யூட்டர் கணக்கில் மட்டுமே இருக்கும்.

அந்தக் கணக்கைப் பதிவு செய்யும் போட்டியில், உலகம் எங்கும் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் ஒரு எண்ணைத் தேடுகின்றன. முதலில் கண்டுபிடிப்பவருக்குப் புதிய பிட்காயின் பரிசு!

இந்த வேலைக்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். கம்ப்யூட்டர் கொதிக்கும்.

செலவு அடுத்தவனுக்கு, வரவு தனக்கு என்றால் லாபம்தானே? அந்த சாப்ட்வேருக்குள் ஒளித்து வைத்த கட்டளை அதைத்தான் செய்தது.

ஆளுக்குக் கால் டாலர்

சுமார் 14 ஆயிரம் கம்ப்யூட்டர்கள், அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தெரியாமலே உழைத்தன. இரண்டு வாரத்தில் கிடைத்தது சுமார் 3,500 டாலர். ஒரு கம்ப்யூட்டருக்குக் கால் டாலர்தான்!

கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் யாருக்குத் தெரியும்?

ஆனால் தெரிந்துவிட்டது! சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் ஏன் சூடாகிறது என்று ஆட்டக்காரர்கள் ஆராய்ந்தார்கள். குட்டு வெளிப்பட்டது.

"ஒரு ஊழியர் அனுமதி இல்லாமல் செய்த வேலை" என்று கம்பெனி சொன்னது. மன்னிப்பும் கேட்டது. நியூஜெர்சி மாநில சர்க்கார் விடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 10 லட்சம் டாலருக்கு வழக்கு முடிந்தது. அதில் 3 லட்சத்து 25 ஆயிரம் டாலரைக் கம்பெனி கட்ட வேண்டும். 10 ஆண்டு ஒழுங்காக நடந்தால் மீதி தள்ளுபடி!

இலவசத்தின் விலை

திருடர்கள் அதோடு ஓயவில்லை. 2021-ம் ஆண்டு "அவாஸ்ட்" என்ற கம்பெனி இன்னொரு மோசடியைக் கண்டுபிடித்தது. விளையாட்டுகளின் திருட்டுப் பிரதிகளுக்குள் இதே தந்திரம்! 2 லட்சத்து 22 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் சிக்கின. கொள்ளை, "மொனேரோ" என்ற பணமாக 20 லட்சம் டாலருக்கு மேல்!

காசு இல்லாமல் கிடைக்கிறதே என்று எடுத்தவர்கள், கரண்டு பில்லில் காசு கொடுத்தார்கள்.

உங்கள் பிள்ளை விளையாட்டை முடித்து எழுந்த பிறகும் கம்ப்யூட்டர் சூடாகவே இருக்கிறதா? உள்ளே விசிறி ஓயாமல் இரைகிறதா? விவரம் தெரிந்தவரிடம் உடனே காட்டுங்கள்.

உள்ளே யாரோ காசு எண்ணிக்கொண்டு இருக்கலாம்!